ஏழாவது கப்பற்படையும் செல்லக்கிளியின் காதும்

உசிலம்பட்டிச் சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த தவசியின் பெண்டாட்டி சோலையம்மாள் வாயைத் திறந்தால் சந்தை மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். பெயருக்குத்தான் அது தவசி கடை. ஆண்டது அவள். கடையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் தவசி பாய்லர் பின்னால் ஒதுங்கிக்கொள்வான்; சோலையம்மாள் கரண்டியோடு வெளியே வந்து இரண்டு பேரையும் பிரித்து, ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போவாள். வழக்குத் தீர்ப்பதில் அவளுக்குத் தன்மேல் அம்புட்டு நம்பிக்கை.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வெண்ணெயாக உருகிப்போவாள். தம்பி விருமாண்டி. ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட, அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. அவன் வளர்ந்து கப்பல் படையில் சேர்ந்து விசாகப்பட்டினத்தில் இருந்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவள் மகள் செல்லக்கிளிக்கு இரண்டு வயது. கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கருப்பன் கோயிலில் காதுகுத்து என்று வைத்து, ஊருக்கெல்லாம் பாக்கு வைத்து அழைத்தாயிற்று. அந்தப் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள். லீவு போட்டு வந்துவிடுவதாக விருமாண்டியும் சொல்லியிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. லீவு இல்லை என்று தந்தி வந்தது. கப்பல் வங்காளக் கடலுக்குப் போய்விட்டதாம்.

"தைக்குத் தள்ளி வைப்போம் அயித்தே" என்றாள் சோலையம்மாள்.

மாமியார் ஒச்சாயி விட்டுக்கொடுக்கவில்லை. "கருப்பனுக்கு நேந்துக்கிட்டது. பாக்கு வச்சுட்டு நிப்பாட்டுனா சாமி சும்மா விடுமா? விருமாண்டி இல்லாட்டி என்ன, மொக்கையன் இருக்கானில்ல?"

மொக்கையன் சோலையம்மாளுடைய பெரியப்பா மகன். முறைக்கு அவனும் தாய்மாமன்தான். ஆனால் கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற தகராறில் அவனும் விருமாண்டியும் அரிவாளைத் தூக்கியவர்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவன் இப்போது, 'மாமன் சீர் நான் கொண்டாரேன், மடியில நான் வச்சுக்கிறேன்' என்று ஆள்விட்டுச் சொன்னான். ஒருதரம் மடியில் வைத்துவிட்டால் அந்த வீட்டில் நடக்கும் எல்லாக் காரியத்துக்கும் முதல் மரியாதை அவனுக்குத்தான். சோலையம்மாளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடையில் ஒரே கூட்டம். ரேடியோவில் செய்தி சொன்னார்கள். பாகிஸ்தானுக்குப் பரிந்துகொண்டு அமெரிக்கா தன் ஏழாவது கப்பற்படையை வங்காளக் கடலை நோக்கி அனுப்பியிருக்கிறதாம். அணுசக்தியில் ஓடுகிற கப்பலாம். அதன் முதுகில் விமானங்கள் நிற்குமாம்.

"அமெரிக்காக்காரனுக்கு இங்கிட்டு என்னய்யா வேலை?" என்று ஒருவன் எகிறினான்.

"அட போ மாப்ள. ரஷ்யாக்காரன் சும்மா இருப்பானா? நம்மளோட ஒப்பந்தம் போட்டிருக்கான்ல. அவன் கப்பலும் பின்னாலயே வருது. ஒரு கை பாத்துருவான்" என்றான் இன்னொருவன். கடையே கைதட்டியது.

சோலையம்மாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நிப்பாட்டுங்கய்யா! ரெண்டு சண்டியனும் மோதிக்கிட்டா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நடுவுல நிக்கிறது எந் தம்பி. கைதட்டவா வந்தீக?"

அவள் உள்ளே போய் அரிசிப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையிலேதான் அவள் மனதில் ஒன்று விழுந்தது. தம்பி உயிரோடு இருக்கும்போதே அவன் இடத்தில் இன்னொருத்தனை உட்கார வைத்தால், அவன் இனி வரமாட்டான் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடாதா? அப்படி ஒத்துக்கொண்டால் கருப்பனும் அதையே வாக்காக எடுத்துக்கொள்வானே!

மறுநாள் மொக்கையன் மேளத்தோடு வந்தான். தட்டுத் தட்டாகச் சீர், பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, தோளில் ஆட்டுக்கிடாய். கோயில் முன்னால் விரித்திருந்த சமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். "பிள்ளையக் குடு தங்கச்சி."

சோலையம்மாள் கொடுக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்து பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஆசாரி, வலது காது மட்டும் குத்துங்க. இடது காது எந் தம்பி வந்து."

ஆசாரி ஊசியைப் பிடித்தபடி முழித்தார். "ஒத்தக் காது குத்துற வழக்கம் எங்கயும் இல்லையே ஆத்தா?"

"நான் ஆரம்பிச்சு வச்சதா இருக்கட்டும். சாமிக்கு நேந்த நாளும் தப்பல, எந் தம்பி இடத்தையும் எவனும் பிடிக்கல. குத்துங்க."

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். தவசி கிடாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றான். பிள்ளை வீறிட்டது. மொக்கையன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. விருந்தில் கை நனைக்காமல், கொண்டுவந்த தட்டுகளோடும் கிடாயோடும் போய்விட்டான். சோலையம்மாளுக்கோ பெரிய போரை நிறுத்திவிட்ட பெருமை.

இரண்டு மூன்று நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. உசிலம்பட்டியில் வெடி வெடித்தார்கள். அமெரிக்கக் கப்பல் ஒரு குண்டும் போடாமல் வந்த வழியே திரும்பிப் போனதாகப் பின்னால் சொன்னார்கள். ரஷ்யாவைப் பார்த்துப் பயந்துதான் போனான் என்று கடையில் மாதக் கணக்கில் பேச்சு. அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். விருமாண்டி நலமாக இருக்கிறான் என்று ஒரு தந்தி வந்த அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். ஊரார் செல்லக்கிளியை ஒத்தக்காதுக்காரி என்று கூப்பிட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

மாசியில் விருமாண்டி வந்து இறங்கினான். கறுத்து இளைத்திருந்தான். அவன் செருப்பைக் கழற்றுமுன்னே பிள்ளையின் இடது காதைப் பிடித்துக் காட்டினாள். "பாருடா, உனக்காக வச்சிருக்கேன். மொக்கையன் மேளத்தோட வந்தான், விட்டேனா? விரட்டி விட்டுட்டேன்."

அவன் சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"மொக்கையண்ணன் சீரோட வந்துச்சா?"

"வந்தான். பெரிய இவனாட்டம்."

விருமாண்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அந்தக் கப்பல் வருதுன்னு எங்களுக்குச் சொன்னப்ப, இனிமே ஊர் திரும்ப மாட்டோம்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னால எங்க கப்பலு தீப்பெட்டி. பயத்துல சோறு இறங்கல. அன்னைக்குத்தான் நம்ம பிள்ளைக்குக் காதுகுத்துன்னு நெனப்பு வந்துச்சு. நான் இல்லாட்டியும் மொக்கையண்ணன் வரும், அம்புட்டுச் சண்டை போட்டாலும் அது வந்துரும், பிள்ளையை மடியில வச்சிருக்கும்னு நெனச்சேன். நான் செத்தாலும் எங்கக்காவுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன். அப்பறம்தான்க்கா நான் சாப்பிட்டேன்."

சோலையம்மாள் பிள்ளையின் காதை விட்டாள். ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிறவள், யாருக்காக அந்தச் சண்டையைப் போட்டாளோ அவன் மனதில் என்ன இருக்கும் என்று ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. கிணற்றுச் சண்டையில் அரிவாளைத் தூக்கியவனே அந்தப் பகையைக் கடலில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். இவள்தான் அதைக் கட்டிக் காத்திருக்கிறாள். பாவம், மொக்கையன் பசியோடு போனானே என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் போய்க் கூப்பிட்டு வாரேன்" என்று விருமாண்டி எழுந்தான்.

"நீ இரு. விரட்டுனது நான்."

வெற்றிலை பாக்குத் தட்டோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே போனாள். தெருவே பார்த்தது. மொக்கையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோலையம்மாளின் அந்தப் பெரிய வாய் அன்றைக்குக் குழறியது.

"அண்ணே, தம்பி வந்திருக்கான். பிள்ளைக்கு இன்னும் ஒரு காது இருக்கு. உன் மடியிலதான் குத்தணும்."

மொக்கையன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தான். பிறகு கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆசாரிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.