கல்லில் இருந்த ராமசாமி

இதைச் சொல்லும்போது இப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

லிந்துலைப் பக்கம், தேயிலைத் தோட்டம் நடத்தின வெள்ளைக்காரத் தொரைமார் கட்டின பழைய சர்ச் ஒன்று இருக்கிறது. போன மாதம் மகளோடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மழைக்கு ஒதுங்கத்தான் அதற்குள் போனேன்.

மழை விட்டதும் பின்னால் இருந்த கல்லறைகளைப் பார்த்தோம். எல்லாம் தொரைமார் பேர். ஒரு பெரிய கல்லறையின் காலடியில் மட்டும் சின்னதாக ஒரு கல். அதில் இருந்த இங்கிலீஷை மகள் வாசித்துச் சொன்னாள்: "ராமசாமி. நன்றியுள்ள நண்பன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை தொரைமாருக்கு நடுவில் நம்ம ஆள் ஒருத்தர்! எங்கப்பா பேரும் அதுதான். கோயிலில் கொடுத்த பூவைக் கல்லில் வைத்துக் கும்பிட்டேன்.

சர்ச் வாச்சர் ஓடி வந்தார். "ஐயோ, அது ஆளில்லக்கா, தொரையோட நாய்! அப்ப தொரைமாருக்கு நம்ம ஆளுங்க எல்லாருமே ராமசாமிதானே. நாய்க்கும் அதையே வெச்சிட்டான். வர்றவங்க சிரிச்சி சிரிச்சி போட்டோ புடிப்பாங்க."

அவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல சிரிக்க என்னங்க இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

எங்கப்பா ஆயுசு முழுக்கத் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டினவர். அவரைப் புதைத்த இடத்திலும் தோட்ட நிர்வாகம் தேயிலை நட்டுவிட்டது. எந்தச் செடிக்குக் கீழே கிடக்கிறார் என்று பெற்ற பிள்ளை எனக்கே தெரியாது.

"பூவை எடுத்துரவாம்மா?" என்றாள் மகள்.

"தொடாத. நாய்க்கா வெச்சேன்? பேர் எங்கப்பாவோடது."