முடக்கில் வைத்துப் பார்த்த மீட்டர்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையொன்றில் வேன்களுக்கும் கார்களுக்கும் பாட்டு செட்டு பூட்டுவதுதான் என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. அப்போது மலைநாட்டில் ஒரு வேன் நல்ல வேனா என்பதை எஞ்சினை வைத்து யாரும் முடிவு செய்யவில்லை. பின் சீட்டில் இருப்பவரின் நெஞ்சு அதிர்கிறதா என்பதுதான் கேள்வி. பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டிக்கும் நாலு ஸ்பீக்கர் பூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளி ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு மீட்டர் கொண்டுவந்தார். கையில் அடங்குகிற சாமான், தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை. சத்தத்தை எண்ணாகக் காட்டும். கடைக்குள் சாதாரணமாகப் பேசினால் அறுபது காட்டும். மார்க்கட்டுக்குள் கொண்டுபோனால் எண்பதைத் தொடும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்கிற நிலை வந்தால் தொண்ணூறு ஆகிவிட்டது என்று அர்த்தம். முதலாளிக்கு அதெல்லாம் வியாபாரம். எந்த வண்டி அதிகம் காட்டுகிறதோ அந்த வண்டிக்காரர்தான் டவுனில் பெரிய ஆள் என்று ஒரு போட்டியைக் கிளப்பிவிட்டார். டிரைவர்மார் சும்மா இருப்பார்களா, வரிசையில் வந்து நின்றார்கள்.

என் அக்கா புருஷனும் வந்தார். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில், கொழுந்தை நசுக்கும் ரோலர் மிசினோடு வாலிபம் முழுவதையும் கழித்தவர். அக்காவின் நகைகளில் தாலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விற்றுப் பழைய வேன் ஒன்றை வாங்கி, தோட்டத்துக்கும் டவுனுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வேன் கையை விட்டுப் போனால் மறுபடி மிசின்தான். "செத்தாலும் அந்த எரைச்சலுக்குள்ள போக மாட்டேன்" என்பார். வேனில் அவருக்கு ஒரே குறை, செட்டு. "சத்தம் பத்தல மாப்புள்ள" என்று அடிக்கடி வந்து நிற்பார். நானும் ஒவ்வொரு தடவையும் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

போட்டியில் டிரைவர் உள்ளே உட்கார வேண்டும், கதவுகள் மூடியிருக்க வேண்டும், மீட்டரை முன் கண்ணாடிக்குக் கீழே வைப்போம். மற்ற டிரைவர்மார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான். மச்சான் மட்டும் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நின்ற எங்களுக்கே கண்ணாடி அதிர்வது தெரிந்தது. அவருடைய வேன்தான் ஜெயித்தது. கல்லு மாதிரி மனுசன் என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெயித்த பிறகும் குறை தீரவில்லை. மேட்டில் ஏறும்போது பாட்டு கேட்பதில்லை என்றார். எஞ்சின் சத்தம் பாட்டை எவ்வளவு தின்கிறது என்று ரோட்டில் வைத்துப் பார்க்கும்படி முதலாளி மீட்டரை என்னிடம் தந்தார். அன்று பின்னேரம் மச்சானுக்குப் பக்கத்துச் சீட்டில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் டவுனுக்கு வந்து திரும்பும் தோட்டத்துச் சனங்கள்.

எங்கள் பக்கத்து ரோட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. முடக்கு வந்தால் டிரைவர் பாட்டைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் ஹோர்ன் வந்தால் நிற்பார், வராவிட்டால் திருப்புவார். பனிமூட்டத்தில் கண்ணை நம்ப முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும்.

அன்றைக்கும் பனிமூட்டம். முதல் பெரிய முடக்கில் மச்சான் வழக்கப்படி பாட்டைக் குறைத்தார். மடியில் இருந்த மீட்டர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. செட்டில் ஏதோ பழுது என்றுதான் நினைத்தேன், தொழில் புத்தி அப்படி. ஹோர்ன் அடித்தார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அந்தப் பக்கமிருந்து லொறியின் ஹோர்ன் பாட்டையும் மீறி நீளமாக வந்தது. மச்சான் கியரைப் போட்டுத் திருப்பினார்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். விறகு லொறி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

"ஹோர்ன் அடிக்காம வர்றான் பாரு" என்றார் மச்சான்.

"அடிச்சாங்க மச்சான்" என்று கத்தினேன்.

"இல்லியே. பாட்டக்கூட கொறச்சுட்டுத்தானே கேட்டேன்."

நான் மீட்டரைக் காட்டினேன், அவர் குறைத்த பிறகும் அது தொண்ணூறிலேயே நின்றது. அந்த எண் என்ன சொல்கிறது என்று அவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாட்டை முழுதாக அணைத்தார். பிறகு ரோட்டைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தார்.

"பின்னால பேசுறாங்களா?"

"பேசுறாங்க."

"என்னான்னு?"

"உங்களத்தான் ஏசுறாங்க மச்சான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தோட்டம் வரும் வரைக்கும் ஒவ்வொரு முடக்கிலும் நிறுத்தி, "வருதா?" என்று என்னைக் கேட்டார். நான் கையால் சைகை காட்டினேன். ஆட்களை இறக்கிவிட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்தவர், பிறகு அந்த வேனை ஓட்டவே இல்லை. காது நரம்பு போய்விட்டது என்றார் நுவரெலியா டொக்டர். டிரைவர் வைத்து ஓட்டினால் வருகிற காசு டிரைவர் சம்பளத்துக்குத்தான் கட்டும் என்று அக்கா அழுதாள். கினிகத்தேனைக்காரர் ஒருவர் வேனை வாங்கினார்.

மச்சான் மறுபடி பெக்டரிக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவரைப் பார்க்க நேரே அங்கே போனேன். ரோலர் ஓடுகிற அறையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூடை கேட்பதும் மிசினை நிறுத்தச் சொல்வதும் பகிடி பண்ணுவதும் எல்லாம் கையால்தான். மச்சான் யாருக்கோ ஏதோ சைகை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தார்.

"காதத் தின்ன மிசினு மச்சான் இது. வேற வேலையே கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வெளியில எல்லாரும் என்னயச் செவிடன்னு பாக்குறாங்க மாப்புள்ள. உள்ள யாருக்குமே ஒண்ணும் கேக்காது."