கழுகின் முதுகைப் பார்த்தவர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவின் கைப்பேசி அடித்தது. திரையில் சேது மாமாவின் பெயர். நான் அதை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. ஒரு முறை அடித்து நின்றால் ஏதோ ஒரு பறவை எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறது. இரண்டு முறை அடித்து நின்றால் பெரிய பறவை. தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். இரண்டாவது முறை அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்த கைப்பேசியை அப்பா எடுத்தார். பேசியவர் மாமாவின் அறையில் தங்கியிருந்தவர். டியூட்டிக்கு எழுப்பப் போனபோது மாமா எழவில்லை என்றார். மாரடைப்பு என்று மதியம் சொன்னார்கள்.

அவர் நினைவாக நான் எழுதும் இதைப் படிக்கும் உங்களில் பலருக்குச் சேதுராமன் என்ற அவரைத் தெரியும். தொழிலாளர் கேம்ப்பில் அவரோடு இருந்தவர்களுக்கு அவர் சேதண்ணன். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் ஷார்ஜாவின் ரோலாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் அப்பாவின் ஊர்க்காரர். மற்ற நாட்களிலும் நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். காயல் ஓரத்தில் எழும்பும் கோபுரத்தின் மேல் ஒரு மஞ்சள் டவர் கிரேன் நிற்கிறதல்லவா, அதன் உச்சியில் தீப்பெட்டி அளவு தெரியும் கண்ணாடிக் கேபினுக்குள் இருந்தவர் அவர்தான்.

அவ்வளவு உயரத்தில் தனியாக இருக்கப் பயமாக இல்லையா என்று ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார். மாமா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "தனியா எங்கே தங்கச்சி இருக்கேன்? கழுகு வருது, நாரை வருது. நீங்கல்லாம் கழுகோட வயித்தத்தான் பார்த்திருப்பீங்க. நான் முதுகப் பார்க்கிறேன்" என்றார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதுவரை நான் பார்த்த எல்லாப் பெரிய பறவைகளும் வெறும் வயிறுகள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றே ஒரு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். கீழ்ப் பாதி நான் பால்கனியிலிருந்து பார்ப்பதற்கு. மேல் பாதி மாமா பார்ப்பதற்கு. சனிக்கிழமையும் எனக்குப் பள்ளி விடுமுறை, அவருக்கு டியூட்டி. அதனால் சனிக்கிழமை காலைகள் எங்களுடையவை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் நான் கேள்விகளோடு உட்காருவேன். முதுகு என்ன நிறம்? வால் என்ன நிறம்? அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். பறவைகளின் பெயர்கள் எனக்கும் தெரியாது, ஊரில் பார்த்த சிலவற்றைத் தவிர அவருக்கும் தெரியாது. எதையாவது அவர் கவனிக்காமல் விட்டிருந்தால், "பார்க்கல பாப்பா. எழுதாத" என்பார். அந்தச் சொற்களை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அது சலிப்பாக இருக்கும்.

எங்கள் பள்ளி நூலகத்தில் பறவைகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அது அமெரிக்கப் பறவைகளைப் பற்றியது. ஷார்ஜாவில் பறந்த எல்லாவற்றுக்கும் நான் அதில்தான் பெயர் தேடினேன். அதன் அட்டையில் ஆங்கிலத்தில் 'பால்ட் ஈகிள்' எனப்படும் வெண்தலைக் கழுகு இருந்தது. தலையும் வாலும் வெள்ளை, உடம்பெல்லாம் அடர்ந்த பழுப்பு. பிறந்து ஐந்தாம் வருடம்தான் தலை முழுவதும் வெளுக்கும் என்றும், பறக்கும்போது இறக்கைகளைப் பலகைபோல் நேராக நீட்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அமெரிக்காவைத் தாண்டி அது வராது என்ற வரியும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நான் அதைப் படித்தேன், ஆனால் நம்பவில்லை.

மூடுபனி நாட்களில் கிரேன் ஓடாது. கீழே நின்று சைகை காட்டுபவரின் கை மேலே இருப்பவருக்குத் தெரியாது. பனி விலகும் வரை மாமா கேபினில் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போது கீழே ஊரே இருக்காது, பஞ்சுதான் இருக்கும் என்பார். காயல் இல்லை, சாலை இல்லை, எங்கள் வீடு இல்லை. தூரத்தில் வேறு இரண்டு மூன்று கிரேன்களின் தலைகள் மட்டும் பஞ்சில் செருகிய ஊசிகள்போல் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருப்பார். யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் சூரியன் வந்ததும் கையை ஆட்டிக்கொள்வார்களாம்.

அப்படி ஒரு சனிக்கிழமை கைப்பேசி இரண்டு முறை அடித்து நின்றது. பால்கனிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. தூக்கத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. பிறகு அந்த வெள்ளையின் ஒரு பகுதி அசைந்து, இறக்கையாகி, என் தலைக்கு மேலே வந்தது. சத்தமே இல்லை. வயிறு தெரிந்தது. அடுத்த நொடி பனி மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: பனிக்குள்ளிருந்து எழும்பி வந்தது, முதுகு பழுப்பு, தலை வெள்ளை, வெயில் பட்டு அது பளபளத்தது. வால் வெள்ளைதானே என்று கேட்டேன். வால் பனிக்குள் இருந்தது, பார்க்கல பாப்பா, எழுதாத என்றார்.

நான் எழுதினேன். மேல் பாதியில் வால் வெள்ளை என்று எழுதினேன். கீழ்ப் பாதியில் வயிறு பழுப்பு என்று எழுதினேன். நான் பார்த்த வயிறு வெள்ளை.

பள்ளியின் சுவர்ப் பத்திரிகையில் ஷார்ஜாவுக்கு வந்த வெண்தலைக் கழுகு என்று என் கட்டுரை வந்தது. பார்த்தவர்கள் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே, 'சேதுராமன், டவர் கிரேன் ஆபரேட்டர்'. அதன் நகலை மாமாவிடம் கொடுத்தபோது கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நான்காக மடித்து லேபர் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். கேம்ப்பில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அமெரிக்கக் கழுகுக்கே சிக்னல் கொடுத்தவன் என்று அவரைக் கேலி செய்தார்களாம்.

சில வாரங்களுக்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கும் முன்பே, "பாப்பா, அந்தக் கழுகு வந்துச்சு" என்றார். கிரேன் கையின் நுனியில் வந்து உட்கார்ந்து, ஒரு மீனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தின்றதாம். தலை வெள்ளை. ஆனால் கண்ணிலிருந்து கழுத்து வரை ஒரு கறுப்புப் பட்டை. வால் பழுப்பு, அதில் வரிகள். நெஞ்சும் வயிறும் சுத்த வெள்ளை. "இது விராலடிப்பான். எங்க கண்மாய்க்கும் வரும். அங்கே அண்ணாந்து பார்த்த பறவைய இங்கே குனிஞ்சு பார்த்ததுல எனக்கே தெரியாமப் போச்சு."

சுவரிலிருந்து அதை எடுத்தால் பள்ளியே சிரிக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் மாமா, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

அவர் உறையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். "அதுல என் பேரு இருக்கே, பாப்பா."

அப்போதுதான் சொன்னேன். அன்றைக்கே நான் பார்த்த வயிறு வெள்ளை என்று சொன்னேன். வாலையும் நானாகத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஓர் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார்.

"கட்டுன லோடு எத்தன டன்னுன்னு கீழ இருக்கிறவன்தான் எனக்குச் சொல்லுவான். நான் இறங்கி வந்து பார்க்க முடியாது. அவன் ஒண்ணக் கூட்டிக் குறைச்சுச் சொன்னா கிரேன் கவுந்துரும். நான் அந்தக் கேபின்ல உக்காரல பாப்பா. கீழ இருக்கிறவன் சொல்ற சொல்லு மேலதான் உக்காந்திருக்கேன்."

உரித்த ஆரஞ்சைப் பிட்டு முதல் சுளையை என்னிடம் நீட்டினார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி திறந்ததும் நானே கட்டுரையைக் கழற்றிவிட்டுத் திருத்தத்தை ஒட்டினேன். வெள்ளை வயிற்றைப் பழுப்பு என்று எழுதியது நான் என்பதையும் எழுதினேன். ஒரு மாதம் வகுப்பில் எனக்கு மொட்டைக் கழுகு என்று பெயர். மாமாவுக்குப் புதிய நகலைக் கொடுத்தேன். விராலடிப்பான், பார்த்தவர் சேதுராமன். பழைய தாளை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு இதை நான்காக மடித்து உறைக்குள் வைத்தார்.

அவருடைய பெட்டியை ஊருக்கு அனுப்ப அப்பா கட்டியபோது அந்தத் தாள் உறைக்குள் இருந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. ஊரில் இருக்கும் அவர் மகளிடம் போய்ச் சேரட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டோம். என்னிடம் இருப்பது நோட்டு மட்டும்.

நேற்றும் சனிக்கிழமை. நேற்றும் மூடுபனி. கைப்பேசி அடிக்கவில்லை. நானாகவே போய் பால்கனியில் நின்றேன். கேபினில் இப்போது வேறு ஒருவர் இருக்கிறார், அவருக்கு என்னைத் தெரியாது. வெகு நேரம் கழித்து அந்த வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு இறக்கைகள் வந்தன. பலகைபோல் நேராக இல்லை, நடுவில் மடங்கியிருந்தன. வயிறு வெள்ளை. கீழ்ப் பாதியில் அவ்வளவையும் எழுதினேன். மேல் பாதியில் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். பழுப்பு முதுகு, வெள்ளைத் தலை, கண்ணோரத்தில் கறுப்புப் பட்டை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன்.

பார்க்கல மாமா. எழுதல.