ஆறு பேருக்கு முப்பது சட்டி

குவைத்தில் நான் துப்புரவு வேலை செய்த ஒரு வீட்டு எசமானிக்குக் காலில் போடும் சப்பாத்துகளுக்கென்றே தனி அறை இருந்தது. சில சனங்களுக்குப் பொருளை எறிய மனம் வராது, அது மூளையில் உள்ள வருத்தம் என்று அவள் ஒருநாள் எனக்குச் சொல்லித் தந்தாள். நான் தலையாட்டிவிட்டு நிலத்தைத் துடைத்தேன். அன்று வந்த கோபத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைத்தும் விட்டேன். அந்தக் கோபம் அவளுக்கு உரியதல்ல. எங்கள் வீட்டிலும் ஒருத்தியை நாங்கள் அப்படித்தான் சொன்னோம். நானும் சொன்னேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. இறக்கக்கண்டியில் எங்கள் வீடு எரிந்த பிறகு அம்மா, அப்பா, நான், இரண்டு தம்பிமார் என்று ஐந்து பேரும் திருகோணமலை நகரோரம் அன்புவழிபுரத்தில் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெரியம்மா அம்மாவின் மூத்த சகோதரி. பிள்ளைகள் இல்லை. பெரியப்பா துறைமுகத்தில் வேலை செய்து இறந்துபோனவர். அவருடைய பென்சன் திருகோணமலையில்தான் கிடைக்கும் என்பதால், சண்டை தொடங்கி அந்த ஒழுங்கையே, தெருச் சனம் முழுவதும், படகேறி இந்தியாவுக்குப் போனபோதும் பெரியம்மா போகவில்லை.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் பெரியம்மாவின் கட்டிலும் அலுமாரியும் இருந்தன. மற்றதில் கால் வைக்க இடமில்லை. அலுமினியச் சட்டிகள், பித்தளைக் குடங்கள், தேங்காய்த் துருவலைகள், லாம்புகள், சுருட்டிய பாய்கள், தகரப் பெட்டிகள், ஒரு தொட்டில், ஒரு தையல் மெசின். எல்லாம் மூட்டை மூட்டையாகக் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கந்தல் துணி கட்டியிருந்தது. படகேறிய சனம் விட்டுவிட்டுப் போனவை அவை. நாங்கள் விறாந்தையில் படுத்தோம். மாரி தொடங்கியதும் சாரல் அடித்து இரண்டு தம்பிமாருக்கும் இழுப்பு வந்தது.

அப்பா பொறுத்துப் பார்த்தார். கடலில் தொழில் செய்யத் தடை. நாள் முழுக்க வீட்டில் இருக்கிற மனிதனுக்குப் பொறுமை எவ்வளவு வரும்?

"சட்டி பானை அறைக்குள்ள படுக்குது, மனிசர் விறாந்தையில நனையிறம். இது என்ன நியாயம், மச்சாள்?"

"அதுகள் என்ர இல்லையே, தம்பி."

"போன ஆக்கள் திரும்பி வருவினமோ?"

"வருவினம்."

"ஆர் சொன்னது?"

"அவையள்தான் சொன்னவை."

இதற்கு மேல் பெரியம்மாவோடு கதைக்க ஏலாது. 'இது விசர், மூளை பிசகிப்போச்சு' என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா மறுக்கவில்லை. நான் அந்தச் சொல்லைத் தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் குடும்பப் பட்டியலில் ஆறு பெயர்கள். சோதனைக்கு வரும் ஆமி அதைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணும். அப்பா தலைகளுக்குப் பயப்படவில்லை, சட்டிகளுக்குப் பயந்தார். "ஆறு பேருக்கு முப்பது சட்டி! ஆருக்குச் சமைச்சுக் குடுக்கிறாய், இயக்கத்துக்கோ எண்டு கேட்டா என்ன சொல்லுவன்? என்னைத்தான் ஏத்திக்கொண்டு போவான்." பக்கத்து ஒழுங்கையில் ஒருவரை நாலு பழைய ரோச் லைற் பற்றிகளுக்காக ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அப்பாவின் பயத்தை நான் இன்றைக்கும் குறைசொல்ல மாட்டேன். அவர் செய்ததைத்தான் சொல்கிறேன்.

சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கிற நாளில் வரிசையில் நிற்கப் போனால் வர மத்தியானம் கடந்துவிடும். அப்படி ஒருநாள் பெரியம்மா பையோடு வாசல் படலையைத் தாண்டியதும் அப்பா அறையைத் திறந்தார். பூஞ்சணம் பிடித்த பாய்களையும் துருப்பிடித்த பெட்டிகளையும் முற்றத்தில் போட்டார். பாய்கள் எரிந்தன. பெட்டிகளை நசுக்கி, கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாட்டார். மற்றவற்றை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போது கணக்குப் பாடத்தில் தொடைகள் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இனப் பொருள்களெல்லாம் ஒரு தொடை. நான் கந்தல்களை அவிழ்த்து, மூட்டைகளைப் பிரித்து, குடங்களை ஒரு வரிசையிலும் லாம்புகளை ஒரு வரிசையிலும் வைத்தேன். சட்டிகளைப் பெரியதற்குள் சிறியதாக ஒன்றுக்குள் ஒன்று இறக்கினேன். முப்பது சட்டிகள் மூலையில் நாலு தூண்களாகச் சுருங்கின. அரைவாசி அறை வெளித்தது. "பாத்தியளோ, படிக்கிற பிள்ளையின்ர மூளையை" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் என்னை மெச்சியது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் என் படிப்பும் நின்றுபோனது.

அவிழ்த்த கந்தல்கள் பதினெட்டு. அவற்றை முடிச்சுப் போட்டு நீளக் கயிறாக்கி, தம்பிமாரை இரண்டு பக்கமும் பிடித்துச் சுழற்றவிட்டு நான் கயிறடித்தேன்.

பெரியம்மா அரிசிப் பையோடு வந்து படலைக்குள் நின்றார். பையை மெதுவாக வைத்தார். தம்பிமாரின் கையிலிருந்து கயிற்றை வாங்கி நிலத்தில் குந்தி, முடிச்சு முடிச்சாகத் தடவினார்.

"இது மூலை வீட்டுப் பிள்ளையின்ர சீலை. இது எதில கட்டியிருந்தது, மகள்?"

"தெரியாது."

"இது தையல்காரன்ர மனிசியின்ர. இது எதில?"

"தெரியாது."

பதினெட்டு முறை கேட்டார். பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பழந்துணிக்கு ஏன் பெரியம்மா இந்தக் கதை?" என்று கத்தினேன். அவர் எனக்கு அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படகேறிய ஒவ்வொருத்தியும் அன்று உடுத்திருந்த சீலையில் ஒரு துண்டைக் கிழித்துத் தன் சாமானில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சீலையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவார் பெரியம்மா. அந்த அறை முழுக்கப் பெயர் எழுதியிருந்தது. எழுத்துத் தெரிந்த நான்தான் அவ்வளவையும் அழித்துவிட்டு வரிசையாக அடுக்கியிருந்தேன்.

தொட்டிலும் தையல் மெசினும் யாருடையவை என்று அவருக்கு நினைவிருந்தது. குடங்களும் சட்டிகளும் ஒன்றைப்போல ஒன்று இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி, தட்டி, மணந்துகூடப் பார்த்தார். அப்பா சிரித்தார். நாங்கள் அறைக்குள் படுத்தோம், தம்பிமாரின் இழுப்பும் நின்றது.

அடுத்த வருடம் சனம் கப்பலில் திரும்பி வந்தது. போன எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் நேரே பெரியம்மாவிடம் வந்தார்கள். முதலில் மூலை வீட்டு அக்கா. கரை கிழிந்த அதே சீலையோடுதான் வந்து நின்றாள். கயிற்றில் தன் துண்டைக் கண்டதும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "என்ரது பாரமான குடம், அக்கா" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஆகப் பாரமானதை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று நாள் கழித்துத் தையல்காரரின் மனைவி வந்தாள். ஆகப் பாரமான குடம் அவளுடையது, தாய் சீதனமாகக் கொடுத்தது.

"என்ர குடத்தை வித்துப்போட்டு இந்தத் தகரத்தைக் காட்டுறியளோ?"

"விக்கேல்லை, தங்கச்சி. கலந்துபோச்சு."

"என்னெண்டு கலக்கும்? சீலை கட்டித்தானே தந்தனான்?"

பெரியம்மா கயிற்றைக் காட்டினார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு படலைக்குப் போய், ஒழுங்கைக்கே கேட்கும்படி கத்தினாள்: "வந்து பாருங்கோடி! எங்கட சாமானைத் திண்டுபோட்டு, எங்கட சீலையில கயிறடிச்சு விளையாடியிருக்கினம்!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். 'நான்தான்' என்று சொல்ல ஒரு சொல் போதும். சொல்லவில்லை. என்னையாவது சின்னப் பிள்ளை என்று விடலாம். அப்பா அறைக்குள் படுத்திருந்தார், விழித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா குசினியில் எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தார். பெரியம்மா எங்கள் ஒருவரின் பக்கமும் கையைக் காட்டவில்லை. உள்ளே போய், தான் தண்ணீர் அள்ளுகிற தன் சொந்தக் குடத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

பிறகு வந்தவர்களும் அப்படியே. தங்களுடையது இல்லை என்று தெரிந்தும் நல்லதை எடுத்தார்கள். குறைந்ததற்குப் பெரியம்மா தன் சட்டியை, தன் லாம்பை, கடைசியில் அலுமாரியையும் கொடுத்தார். எங்களிடம் மூன்று சட்டிகள் மிஞ்சின. ஆறு பேருக்கு மூன்று சட்டி, ஆமிகூடக் கேள்வி கேட்காத கணக்கு. "சனியன் துலைஞ்சுது" என்றார் அப்பா. 

சண்டை பிறகும் வந்தது. ஒருநாள் காலை பக்கத்தில் ஷெல் விழ, ஒழுங்கை மறுபடியும் வெளிக்கிட்டது. சட்டி பானை மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சனம் எங்கள் படலையைக் கடந்துபோனது. ஒருவரும் நிற்கவில்லை. ஒழுங்கைக் கடைசியில், கூரை அரைவாசி இல்லாத ஒரு வீட்டாரிடம் மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். பெரியம்மா படலையடியில் இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றார். போகிறவர்களுக்கு விடை கொடுக்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் போய் நின்று கை காட்டினேன்.