மாமாவின் நன்னடத்தையால் வந்த வினை

எங்கள் வீட்டில் மாமாவைப் பற்றி எல்லாவற்றையும் எதிர்பார்த்து வைத்திருந்தார்கள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் சுற்றுவார், அடிதடிக்குப் போவார், ஒருநாள் ஜெயிலுக்கும் போவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் போன இடத்தில் அவர் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வார் என்று மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. எல்லாக் கஷ்டமும் அதனால்தான் வந்தது.

ரப்பர் விலை விழுந்து மறுபடி எழுந்திருந்த காலம். மலாயாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். எனக்கு ஏழு வயது இருக்கும். அம்மாவைப் பெற்றவர்கள் முன்பே இறந்துவிட்டதால் அம்மாவின் தம்பியும் தங்கையும் எங்களோடுதான் இருந்தார்கள். தம்பி மாமா. தங்கை சித்தி. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சித்தி வாயைத் திறந்தால் அது சாப்பிடுவதற்காகத்தான் இருக்கும். மாமா தூங்கும்போதுகூடச் சத்தமாகத்தான் தூங்குவார்.

ஈப்போ சந்தைக்குப் பின்னால் சேவல் சண்டை நடந்தபோது மாத்தா மாத்தா வந்துவிட்டார். போலீஸ்காரரை அந்நாளில் அப்படித்தான் சொல்வோம். அவர் சேவலைப் பிடித்தார், மாமா அவரைப் பிடித்தார். ஒரு வருஷம் தைப்பிங் ஜெயில்.

வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும்போது இதை வெளியில் சொல்ல முடியுமா? அம்மா அன்றைக்கே ஒரு முடிவு செய்தார். தம்பி ஊருக்குக் கப்பலேறிவிட்டான், பழனியில் ஒரு வேண்டுதல், வருகிற பங்குனி உத்திரத்துக்கு முடியிறக்கிவிட்டு அதற்கடுத்த கப்பலில் வருவான் என்று எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுவதும் சொல்லிவிட்டார். ஒரு வருஷத் தண்டனை முடிவதும் அந்தக் கப்பல் வருவதும் கச்சிதமாகப் பொருந்தின. ஜெயிலிலும் மொட்டை, பழனியிலும் மொட்டை. அம்மாவுக்குப் படிப்பு இல்லையே தவிர மூளைக்குக் குறைவில்லை.

பொய் நன்றாக வேலை செய்தது. ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து சித்தியைப் பெண் கேட்டு வந்தார்கள். அந்த வீட்டில் ஒரு பெரியப்பா எப்போதோ கம்பி எண்ணியவராம்.

“ஜெயில் வாசல மிதிச்ச குடும்பத்துக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார். அப்போது அவர் கை, அப்பா தைப்பிங்குக்குக் கொண்டுபோக வேண்டிய முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஆயர் தாவாரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையைச் சித்தி தாப்பா கோயில் திருவிழாவில் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் சித்தி வேறு யாரையும் கட்டியிருக்க மாட்டார் என்பது எங்கள் வீட்டு ஆட்டுக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா நிலத் தகராறு ஒன்றைத் தீர்க்க ஊருக்குப் போயிருக்கிறார், சித்திரையில் கப்பல் வந்ததும் நாள் குறிக்கலாம் என்றார்கள். நம் பிள்ளையும் அந்தக் கப்பலில்தான் வருகிறான் என்று அம்மா தயங்காமல் சொன்னார்.

இந்தச் செய்தியை அப்பா தைப்பிங்குக்குப் போய் மாமாவிடம் சொன்னபோது, மாமா சிரித்தாராம். எந்த ஊர், என்ன கடை, சம்பந்தி ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாராம். காவல்காரன் அதட்டும்வரை சிரித்தாராம். அப்பாவுக்குக் கோபம். “தங்கச்சி கல்யாணம்னு சொல்றேன், கோமாளி மாதிரி சிரிக்கிறான்” என்று வந்து சொன்னார். உள்ளே போட்டதில் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா ஒரு மூச்சு அழுதார்.

தைப்பூசம் முடிந்த சில நாளில் ஒரு பெருமழை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். பின்பக்கமாக வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு மாமா வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

“ஒழுங்கா இருந்தேன்னு ரெண்டு மாசத்துக்கு மேல கழிச்சு விட்டுட்டாங்கக்கா.”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உன்ன யாருடா அங்க ஒழுங்கா இருக்கச் சொன்னா?” என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பங்குனி உத்திரத்துக்கு முடியிறக்கப் போனவன் மாசி பிறக்குமுன் வந்து நின்றால் என்ன அர்த்தம்? ஒன்று, அவன் பழனிக்கே போகவில்லை. அல்லது, வேண்டுதலை முடிக்காமல் பாதியில் திரும்பிவிட்டான். முதலாவது மானக்கேடு. இரண்டாவது அதைவிட மோசம். சாமி கடனைப் பாதியில் விட்டவன் வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்? மாமா சீக்கிரம் வந்ததை மறைக்க ஒரே வழிதான் இருந்தது. கப்பல் வரும்வரை அவர் வரவே இல்லை என்று வைத்துக்கொள்வது.

சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறை ஒன்று இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், ஜன்னல் கிடையாது. விறகை ஒதுக்கிப் பாயை விரித்தார்கள். தாழ்ப்பாள் வெளியில் இருந்தது. சர்க்கார் மன்னித்துவிட்ட தண்டனையை எங்கள் வீடு மன்னிக்கவில்லை.

எனக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. கப்பலில் வருகிறவர்களைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இறக்கி, ஊசி குத்தி, நோய் நொடி இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைப்பார்கள் என்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா அங்க இருக்க வேண்டியவரு, இங்க இருக்காரு. வெளிய சொன்னேன்னு வச்சுக்க, தொர வந்து நம்ம எல்லாத்துக்கும் ஊசி குத்திருவாரு.”

அப்படியானால் மாமா எந்தக் கப்பலில் வந்தார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஊசி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குக் கேள்வியே எழவில்லை.

மாமாவிடம் புதுப் பழக்கங்கள் சில சேர்ந்திருந்தன. விடியுமுன் எழுந்து போர்வையை நாலு மூலையும் ஒட்ட மடித்து வைப்பார். அப்பா உள்ளே போனால் சட்டென்று எழுந்து கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் நீட்டுவார். ஏன் இப்படி என்று கேட்டேன். “கப்பல் பழக்கம்” என்றார் அம்மா. ரோத்தான் பிரம்பைக் கிழித்து அழகான கூடைகள் பின்னினார். விளிம்பில் இரட்டைப் பின்னலாக முறுக்கி முடிப்பார். அதுவும் கப்பல் பழக்கம்தான்.

பகலில் எல்லாரும் வேலைக்குப் போனபின் தாழ்ப்பாளை நீக்குவதும் குளித்து வந்ததும் போடுவதும் என் பொறுப்பு. சித்திக்கு அதைச் செய்யக் கை வரவில்லை. எனக்கு நன்றாகவே வந்தது. வெயில் உச்சிக்கு ஏறினால் அந்தத் தகரத்துக்குக் கீழே ஆள் வெந்துவிடுவார். ஒருநாள் மாமா, “கதவ ஒரு சாண் தெறந்து வையேன் புள்ள, காத்து வரட்டும்” என்றார். “ஊசி குத்துவாங்க மாமா” என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். “சரிங்கம்மா” என்று கைகட்டி நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எல்லாவற்றையும் அடக்கிய மாமாவால் குறட்டையை மட்டும் அடக்க முடியவில்லை. அடுத்த வீட்டு அக்காவுக்குக் காது கூர்மை.

“அண்ணே மரம் வெட்டப் போயிருக்காரு, அவரு கொறட்ட மட்டும் வீட்டுல இருக்கே” என்று அம்மா வேலைக்குப் போகாத ஒருநாள் கேட்டுவிட்டார்.

அம்மா அவசரத்தில், “தங்கச்சி படுத்திருக்கா” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கல்யாணப் பெண் கடாமாடு மாதிரி குறட்டை விடுகிறாள் என்ற செய்தி ஆயர் தாவாருக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் மாமாவைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவும் இல்லை.

ஒரு நண்பகலில் மாப்பிள்ளையின் அம்மாவே வந்துவிட்டார். கையில் கடைச் சாமான்கள் ஒரு பை. சும்மா பார்த்துப் போக வந்தேன் என்றார். சித்தி பரிமாறினார். அந்த அம்மாள் இரண்டாம் கை சோறு எடுத்தபோது பின்னால் ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு தகரம் அதிர. பெண்ணோ எதிரில் கரண்டியோடு நிற்கிறாள்.

“ஆடு” என்றார் அம்மா. “சளி பிடிச்சிருக்கு.”

அந்த அம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மிளகாய்க் காரம் என்று நினைத்தேன். கை கழுவிய பிறகு தம் பையிலிருந்து ஒரு கட்டுப் புகையிலையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

“பாவம், ஆட்டுக்குக் குடுங்க. அடைஞ்சு கெடந்தா அதுக்கும் பொழுது போகணும்லா” என்றார்.

அவர் போன பிறகு அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “வெகுளி. ஆடு பொகையில திங்கும்னு நெனச்சிக்கிட்டிருக்கு. நம்ம புள்ள அங்க நல்லா பொழச்சுக்குவா” என்று அப்பாவிடம் சொன்னார். புகையிலையை மாமா இரண்டே நாளில் தீர்த்துவிட்டார்.

சித்திரையும் பிறந்தது. கப்பலும் வந்தது. சம்பந்தி நேராக எங்கள் ஊருக்கு வந்து நாள் குறித்துவிட்டுப் போவதாகச் சொல்லியனுப்பினார்கள். இப்போது அம்மாவுக்கு வேறு பயம். அதே கப்பலில் வந்தவர் ஆயிற்றே. இந்தப் பையனைக் கப்பலில் பார்க்கவே இல்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. வேறு வழியில்லை. அப்பா விடியற்காலையில் மாமாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போய், வடக்கேயிருந்து வரும் ரயிலில் ஏற்றிவிட்டார். தாமும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். தாப்பா ரோடு ஸ்டேஷனில் நாங்கள் நின்றிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எந்த முகத்தோடு கூப்பிட்டார் என்று தெரியவில்லை.

ரயில் வந்தது. ஒரே பெட்டியிலிருந்து மாமாவும் ஒரு பெரியவரும் தோளில் தோள் இடிக்கச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பெரியவருக்கும் முடி ஒட்ட வெட்டியிருந்தது. கையில் ஒரு ரோத்தான் கூடை. அந்த நேரம் பார்த்துக் கார்டு விசில் ஊதினார். இருவரும் சட்டென்று பக்கத்தில் பக்கமாக நின்று கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“தம்பி கப்பல்ல எனக்குப் பெரிய ஒத்தாசைம்மா. இவரு இல்லேன்னா நான் கரை சேந்திருக்க மாட்டேன்” என்றார் சம்பந்தி.

அம்மாவுக்கு உயிர் வந்தது. அவருக்குக் கண் பார்வை மட்டு, யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று அப்பா முடிவு கட்டினார். நான் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் இரட்டைப் பின்னல்.

“மாமா பின்ற மாதிரியே இருக்கு” என்றேன். “இது கப்பல் பழக்கமா தாத்தா?”

“ஆமாடாம்மா” என்றார் அவர். “கப்பல் பழக்கந்தான்.” மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. சித்தி நான்கு பிள்ளைகளைப் பெற்று நன்றாகவே வாழ்ந்தார். மாமனார் காலமாகிப் பல வருஷம் கழித்து, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சித்தி அம்மாவிடம் மெல்லச் சொன்னார். மாமனார் நிலத் தகராறுக்கு ஊருக்குப் போகவே இல்லை. திருட்டு ரப்பர் வாங்கிய குற்றத்துக்குத் தைப்பிங்கில்தான் இருந்தார். மாமாவுக்கு அடுத்த பாய். அந்தக் குறட்டையைப் பற்றி, பார்க்கப் போன மாமியாரிடமும் சொல்லியிருந்தார். கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்று சமையல்காரனை அறைந்துவிட்டதால் அவருக்கு ஒருநாள்கூடக் கழிக்கவில்லை. ஒழுங்காக நடக்காததால் சரியான நேரத்துக்குக் கப்பலில் வந்து சேர்ந்தார்.

“அண்ணனுக்கு அப்பவே எல்லாம் தெரியும்க்கா. எங்க மாமனாரு அதுகிட்ட, ஒங்கக்காவுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்னு சொல்லிருக்காரு. அதான் வாயத் தெறக்கல” என்றார் சித்தி.

அம்மாவுக்கு ஜெயில் வாசலை மிதித்த குடும்பம் என்று தாம் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “ஆட்டுக்குப் பொகையில குடுத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்” என்றார். சிரித்தார். பிறகு அழுதார்.

எனக்கு அந்த விறகு அறைதான் நினைவுக்கு வந்தது. மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அக்கா கதவைத் திறந்திருப்பார், தங்கையின் கல்யாணம் நின்றிருக்கும். ரகசியம் என்ற ஒன்றை வாழ்நாளில் காப்பாற்றியறியாத மனிதர், அந்தத் தகரத்துக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு, ஏழு வயதுக் காவல்காரியிடம் கதவை ஒரு சாண் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மாமா பிறகு கல்யாணம் செய்துகொண்டு ஈப்போ பக்கம் குடியேறினார். அவர் வீட்டுக் கதவைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. மழைச் சாரல் உள்ளே அடிக்கும், தெருநாய் வந்து படுக்கும், அத்தை தலையில் அடித்துக்கொள்வார். மாமா கதவை மட்டும் தொட விடமாட்டார். கேட்பவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அது ஒன்றுமில்லை, கப்பல் பழக்கம் என்று.