தாசியோவின் இடக்கை

குத்துச்சண்டையில் தன்னோடு மோதவிருந்த எதிராளி பயிற்சியில் கையை முறித்துக்கொண்டான் என்று சேதி வந்தபோது ருஃபினோ முதலில் சந்தோஷப்பட்டான். பதிலுக்கு ஜம்போவாங்காவிலிருந்து ஒரு இடக்கையன் வருகிறான் என்று பயிற்சியாளர் சிரியாகோ சொன்னதும் சந்தோஷம் வடிந்துவிட்டது. சண்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெனரல் சாந்தோஸ் நகரத் தெருக்களில் ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன், சந்தைக்கு ஏறியவர்களை மாதா கோயில் வாசலில் இறக்கிவிட்டு வசவு வாங்கினான். சோற்றுக்கடையில் யார் எந்தக் கையால் பிசைகிறார்கள் என்று பார்த்தபடி தன் சோற்றை ஆறவிட்டான். வீட்டில் மனைவி மெர்லிண்டாவை இடது கையில் கரண்டியோடு எதிரே வந்து நிற்கச் சொன்னான்.

“மீன் கருகுதுய்யா! பீச்சாங்கைக்காரன்தான் வேணும்னா மீன் துறைக்குப் போயேன். அங்கதான் ஒருத்தன் இருக்கானே.”

இருந்தான். சங்கடமே அதுதான். தாசியோவும் குத்துச்சண்டைக்காரன். ஆனால் இடக்கையன் என்பதால் ஊரில் யாரும் அவனோடு மோத ஒப்புவதில்லை. அதனால் துறையில் சூரை மீன் சுமந்து பிழைத்தான். போன திருவிழாவில் அவனுக்கும் ருஃபினோவுக்கும் சண்டை ஏற்பாடாகியிருந்தது. ருஃபினோ காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். அது என்ன காய்ச்சல் என்று ஊருக்கே தெரியும்.

துறையில் தாசியோ ஆள் நீள மீனைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தான்.

“என்ன கூட்டாளி, காய்ச்சல் விட்டுடுச்சா?”

சுற்றி நின்ற கூலிக்காரர்கள் சிரித்தார்கள். ருஃபினோ பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லி, பயிற்சியில் எதிரே நிற்க வரச் சொன்னான். தாசியோ மீனை இறக்கிவிட்டுக் கழுத்தைத் துடைத்தான்.

“வரேன். ஆனா இது முடிஞ்சதும் நீ என்கூட மேடை ஏறணும். திரும்பவும் காய்ச்சல் வந்தா கட்டிலோட தூக்கிட்டுப் போவேன்.”

“ஏறுறேன்” என்றான் ருஃபினோ. வேறு வழியில்லை.

சிரியாகோ சொல்லிக்கொடுத்ததை ருஃபினோ மனப்பாடமாக வைத்திருந்தான். இடக்கையனுக்கு வலக்கால் முன்னால் இருக்கும். நம் இடக்காலை அதற்கு வெளிப்புறமாக வைக்க வேண்டும். அவன் இடக்கையை விட்டு விலகி, நம் இடப்பக்கமாகவே சுற்ற வேண்டும். வலக்கையை நேராக விட வேண்டும். முதல் நாள் அப்படியே செய்தான். காலை வெளியே வைத்தான். தாடையில் இடி விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை உட்கார்ந்தேவிட்டான்.

“எல்லாரும் அங்கதான்டா கால வைக்கிறீங்க!” தாசியோவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “நீ இடக்கையன எப்பவாச்சும்தான் பாக்குற. நான் உன்ன மாதிரி வலக்கையன தினம் தினம் பாக்குறேன். நீ எங்க மிதிப்பேன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப கால வெளிய வைக்கவே கூடாதா?”

“வை. ஆனா முன்னாடி நீட்டுற என் வலது கைய உன் இடது கையால முதல்ல அமுக்கு. அது கீழ போனதும் கால வை. எல்லாத் தடவையும் வைக்காத. நடுநடுவுல உள்ள பூந்து என் வலது விலாவுல கொக்கி மாதிரி வளைச்சு ஒரு குத்து போடு. அப்பத்தான் எனக்குக் குழம்பும்.”

சிரியாகோ கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவரும் அதையே சொன்னார்.

சண்டையன்று முதல் இரண்டு சுற்றிலும் ருஃபினோ எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கால் தானாக வெளியே போனது, அடி வாங்கியது. “கைய அமுக்குடா, மடையா!” என்று கூட்டத்திலிருந்து தாசியோ தொண்டை கிழியக் கத்தினான். ருஃபினோ அமுக்கினான். உள்ளே புகுந்து விலாவில் குத்தினான். ஜம்போவாங்காக்காரனின் முழங்கை விலாவைக் காக்க இறங்கியதும் காலை வெளியே வைத்து வலக்கையை முகத்துக்கு நேராக விட்டான். அவன் விழவில்லை, ஆனால் அதன்பின் முன்போல் துணிந்து வரவும் இல்லை. நடுவர்களில் இருவர் ருஃபினோவுக்கும் ஒருவர் மற்றவனுக்கும் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஜெயித்தும் மனம் அடங்கவில்லை. தாசியோவின் அடி எப்படியிருக்கும் என்று இப்போது அவன் தாடைக்கே தெரியும். இடுப்பு வலிக்கிறது, அவனோடு சண்டையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று மெர்லிண்டாவிடம் மெல்ல ஆரம்பித்தான்.

“இடுப்புல ஒரு கோளாறும் இல்ல. நாக்குதான் புரளுது” என்றாள் அவள்.

அன்று மாலையே போய்ச் சண்டை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

டிசம்பரில் தாசியோ அவனைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது தாசியோவுக்குத்தான். நடுவர் கையைத் தூக்கியபோது அவன் அழுதுகொண்டிருந்தான். ருஃபினோவுக்கு வலது கண் மூடிக்கிடந்தது. இறங்கி வந்தவனை மெர்லிண்டா பிடித்துக்கொண்டாள்.

“நாலாவது சுத்துல அவன் விலாவுல ஒண்ணு விட்டேனே, பாத்தியா?”

“பாத்தேன். வாயத் துடைச்சுக்க, ரத்தம் வடியுது.”