மஞ்சளைப் பழுதென்று கற்ற இயந்திரம்

கண்ணாடி மேசைமேல் விரித்த அரக்கு நிறச் சேலைக்குச் சிவப்பு விளக்கு எரிந்ததும், சின்னம்மா அந்த விளக்கை முறைத்துப் பார்த்ததும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. இரண்டாயிரங்களின் நடுவில், படிப்பு முடித்து, ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியின் கடையில் கணினிப் பொறுப்பில் இருந்தேன். சேவூரில் நெய்துவந்த என் சின்னம்மா அந்தக் கடைக்குத்தான் சேலை கொடுப்பார். காமிரா பொருத்திய அந்த மேசை சேலையில் பழுது உண்டா என்று சொல்லும். தொடர்ந்து சிவப்பு எரிந்தால் தறியில் ஏற்றி நெய்ய அடுத்த பாவு நூல் கிடையாது என்பது கடையின் புது விதி. பாவு இல்லையென்றால் சின்னம்மாவின் தறி நின்றுவிடும்.

சேலையைத் தள்ளுகிறவர், நெய்தவரின் கண்ணெதிரே பழுதின்மேல் விரல் வைத்துக் காட்டவேண்டும் என்பது அங்கே வழக்கம். சின்னம்மா அதைத்தான் கேட்டார்.

"எங்க தப்பு? வெரல் வெச்சுக் காட்டுங்க."

"மெஷின் சொல்லுதும்மா. பேஜார் பண்ணாதீங்க," என்றார் மேனேஜர்.

"மெஷினுக்கு வெரல் இல்ல, சரி. உங்களுக்கு இருக்குதில்ல? காட்ற வரைக்கும் இங்கயே உக்காந்துகினு இருப்பேன்."

உட்கார்ந்தும் விட்டார். மேனேஜர் முந்தானையிலிருந்து அங்குலம் அங்குலமாகத் தேடினார். விரல் எங்கும் நிற்கவில்லை.

பழுது என்றால் என்னவென்று அந்த இயந்திரத்துக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நல்ல சேலைகளின் படங்களையும் தள்ளியவற்றின் படங்களையும் தனித்தனியே கொடுத்தால், இரண்டையும் பிரிக்கும் அடையாளத்தை அதுவே தேடிக்கொள்ளும். அந்தப் படங்களை மறுபடி திறந்தேன். தள்ளிய சேலைகளில் பெரும்பாலானவற்றின் நுனி நூல்களில் மஞ்சள் இருந்தது. புதுப் பாவின் முதல் சேலைக்கு மஞ்சள் வைப்பார்கள். பாவின் இழுவை படியாததால் அதில்தான் பழுதும் அதிகம். இயந்திரம் இழையை விட்டுவிட்டு மஞ்சளைக் கற்றிருந்தது. சின்னம்மாவோ எல்லாச் சேலைக்கும் மஞ்சள் வைப்பவர். நுனியை மடித்து மறைத்தேன்; பச்சை எரிந்தது.

"அவ்ளோதானா! இனிமே மஞ்ச வெக்காதீங்கம்மா," என்றார் மேனேஜர்.

"அது தப்பாப் படிச்சதுக்கு நான் ஏன் மாறணும்? அத்த மறுபடி படிக்க வெய்யுங்க."

மேனேஜர் அடுத்த பாவு நூலை எடுத்துக் கொடுத்தார்.

யாருக்குக் கடன், யாருக்கு வேலை என்று இன்று இத்தகைய இயந்திரங்கள் தீர்ப்புச் சொல்கின்றன. காரணம் கேட்டால், "சிஸ்டம் சொல்லுது" என்கிறார்கள். அந்தப் பதிலோடு எழுந்து போக நான் மறுக்கிறேன். எதைக் காட்டி அதற்குக் கற்பித்தீர்கள் என்று கேட்கிறேன். கற்பித்ததை மாற்ற முடியாது என்று எவரும் என்னிடம் சொல்லமுடியாது. ஆரணிக் கடையில் அந்த வாரமே மாற்றினோம். கடையிலிருந்த நல்ல சேலைகளின் நுனிகளுக்கெல்லாம் சின்னம்மா மஞ்சள் வைக்க, நான் படமெடுத்து இயந்திரத்துக்கு நல்ல சேலைகளாகக் கொடுத்தேன். மஞ்சள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தவர் மேனேஜர்.